அடுத்த சர்டிஃபிகேஷன் எது? பணம் கட்டும் முன் 30 வேலை விளம்பரங்களைப் படியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஐடி வேலையில் இரண்டு, மூன்று ஆண்டுகளைக் கடந்தவர்களுக்கு ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வி வந்தே தீரும்: அடுத்து எந்த சர்டிஃபிகேஷன் எழுதலாம்? அப்ரைசலில் எதிர்பார்த்த உயர்வு வராதபோது வரும். புராஜெக்ட் முடிந்து பெஞ்சில் உட்கார நேரும்போது இன்னும் அவசரமாக வரும். அந்த அவசரத்தில் நண்பர் எழுதிய தேர்வுக்கே தாங்களும் பதிவு செய்கிறார்கள்; இல்லையென்றால், சலுகை நாளையோடு முடிகிறது என்று சொல்லும் பயிற்சி மையத்தில் போய்ப் பணம் கட்டுகிறார்கள். ஒரு தேர்வுக் கட்டணம் என்பது பல வீடுகளில் ஒரு மாத வாடகை. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

தொடங்க வேண்டிய இடம் வேலை விளம்பரம். நௌக்ரி, லிங்க்ட்இன் இரண்டிலும் உங்கள் அனுபவ ஆண்டுகளைக் கொடுத்து, ஒரே பதவிக்கான 30 விளம்பரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஊர் கலந்திருக்கலாம், சென்னை ஓஎம்ஆர், கோவை சரவணம்பட்டி, பெங்களூரு எல்லாம் சரி. பதவி கலக்கக் கூடாது. கிளவுட் இன்ஜினியர் 15, டேட்டா அனலிஸ்ட் 15 என்று எடுத்தால் கணக்கு எதற்கும் உதவாது. ஒரு நோட்டில் மூன்று பத்தி போடுங்கள். முதலாவதில் கட்டாயம் என்று கேட்கப்பட்ட சான்றிதழ். இரண்டாவதில் இருந்தால் நல்லது என்று சொல்லப்பட்ட சான்றிதழ். மூன்றாவதில் திறன்களும் கருவிகளும்: லினக்ஸ், பைத்தான், டெராஃபார்ம், எஸ்கியூஎல், டாக்கர் என்று என்னென்ன வருகிறதோ அவை. ஒவ்வொன்றும் வரும்போது ஒரு கோடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும்.

முதல் இரண்டு பத்தியும் ஏறக்குறைய காலியாகவே இருந்தால், அந்தப் பதவிக்குச் சான்றிதழ் தேவையில்லை. ஃபிரன்ட்எண்ட் டெவலப்பர் வேலைகளில் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். அங்கே கிட்ஹப்பில் ஒழுங்காக எழுதி வைத்த இரண்டு புராஜெக்டுகள் செய்யும் வேலையை எந்தச் சான்றிதழும் செய்யாது. வெறுமனே 'ஏடபிள்யூஎஸ் சான்றிதழ்' (அமேசானின் கிளவுட் சேவைக்கானது) என்று நிலை குறிப்பிடாமல் பல விளம்பரங்களில் வந்தால், அனுபவம் உள்ளவரிடம் அவர்கள் எதிர்பார்ப்பது ஃபவுண்டேஷன் என்ற தொடக்க நிலைக்கு அடுத்த அசோசியேட் நிலை. மூன்றாவது பத்தியில் லினக்ஸுக்கு 20 கோடு விழுந்து, கிளவுட் சான்றிதழுக்கு 8 விழுந்திருந்தால், லினக்ஸ் தெரியாமல் கிளவுட் தேர்வு எழுதுவது அடித்தளம் போடாமல் மாடி கட்டுவது.

இதோடு இன்னொரு அளவுகோலையும் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் இப்போது தினமும் கையால் செய்யும் வேலைக்கும் எழுதப் போகும் சான்றிதழுக்கும் நடுவில் ஒரு படிதான் இருக்க வேண்டும். நேர்முகத்தில் சான்றிதழைப் பார்த்ததும் வரும் அடுத்த கேள்வி, 'இதை எங்கே பயன்படுத்தினீர்கள்?' என்பதுதான். மூன்று படி தள்ளியிருந்தால் பதில் இருக்காது. ஹெல்ப்டெஸ்கில் பாஸ்வேர்ட் மாற்றித் தருபவர் நேராக, தகவல் பாதுகாப்பில் மூத்தவர்களுக்கான சிஐஎஸ்எஸ்பி பற்றி விசாரிப்பதைப் பார்க்கிறோம். அந்தச் சான்றிதழுக்குத் தேர்வில் தேறினால் மட்டும் போதாது. அதன் எட்டுத் துறைகளில் குறைந்தது இரண்டில் ஐந்து ஆண்டு ஊதியத்துடன் கூடிய அனுபவம் வேண்டும், பட்டம் இருந்தால் அதில் ஓர் ஆண்டு கழியும். புராஜெக்ட் மேனேஜர்களுக்கான பிஎம்பி தேர்வும் அப்படித்தான்: பட்டதாரிக்கு 36 மாதம் புராஜெக்டை முன்னின்று நடத்திய அனுபவமும் 35 மணி நேரப் பயிற்சியும் இல்லாமல் விண்ணப்பமே நகராது.

சப்போர்ட்டில் இருப்பவருக்கு இரண்டு நல்ல வழிகள் உண்டு. ஸ்விட்ச், ரவுட்டர், விஎல்ஏஎன் என்று நெட்வொர்க் வேலை வந்தால் சிஸ்கோவின் சிசிஎன்ஏ, தேர்வு எண் 200-301. 2020 பிப்ரவரியில் சிஸ்கோ தன் பல்வேறு சிசிஎன்ஏ பிரிவுகளை ஒன்றாக்கியபோது வந்தது இது. இதில் கால் பங்கு மதிப்பெண் ஐபி கனெக்டிவிட்டிக்கு, அதாவது ரவுட்டிங்குக்கு. ஒரு நெட்வொர்க்கைச் சிறு பகுதிகளாகப் பிரிக்கும் சப்நெட்டிங்கைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்ல வேண்டும். 192.168.10.70 என்ற முகவரி, /26 என்ற மாஸ்க்: எந்த நெட்வொர்க்? /26 என்றால் 64, 64 முகவரிகளாகப் பிரியும். 70 என்பது 64க்கும் 127க்கும் நடுவில். ஆக நெட்வொர்க் 64, பிராட்காஸ்ட் 127, அவை இரண்டும் போகப் பயன்படுத்தக்கூடியவை 62. இதை 30 நொடியில் மனதில் போட வராதவர் தேர்வுத் தேதி வாங்கக் கூடாது. இந்தத் தேர்வில் ஒரு கேள்வியைக் கடந்துவிட்டால் திரும்பிப் போக முடியாது, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. பயிற்சிக்கு சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமி வழியாகக் கிடைக்கும் பாக்கெட் டிரேசர் இலவசம். அது போதும், பழைய ரவுட்டர்களைத் தேடி வாங்க வேண்டாம்.

சர்வர் பக்கம் வேலை என்றால் லினக்ஸ் நிறுவனமான ரெட் ஹாட்டின் ஆர்எச்சிஎஸ்ஏ. இதில் கொள்குறிக் கேள்வியே கிடையாது. உண்மையான லினக்ஸ் மெஷினைக் கொடுத்து, செய்து காட்டச் சொல்வார்கள். 300க்கு 210 எடுக்க வேண்டும், இணையம் கிடையாது, மேன் பக்கங்கள் போன்ற, மெஷினிலேயே உள்ள உதவிக் குறிப்புகள் மட்டும் துணை. பலர் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. செய்த மாற்றங்கள் எல்லாம் ரீபூட் செய்த பிறகும் நிலைத்திருந்தால்தான் மதிப்பெண். ஃபயர்வாலில் போர்ட்டைத் திறந்துவிட்டு 'பெர்மனன்ட்' கொடுக்க மறந்தால், ரீபூட்டுக்குப் பிறகு அந்தப் போர்ட் மூடியிருக்கும். அதைவிட மோசமானது, பூட் ஆகும்போது எந்த டிஸ்க் எங்கே இணைய வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பு. புதிய பார்டிஷனைச் சேர்க்கும்போது அந்தக் கோப்பில் யூயூஐடி எனப்படும் அடையாள எண்ணில் ஓர் எழுத்து பிசகினால் மெஷின் எமர்ஜென்சி மோடில் போய் நின்றுவிடும். மெஷின் பூட் ஆகாவிட்டால் அதுவரை சரியாகச் செய்ததற்கும் மதிப்பெண் போய்விடும். எனவே எஃப்எஸ்டேபைத் தொட்டவுடன், ரீபூட் செய்வதற்கு முன், எல்லாவற்றையும் மவுன்ட் செய்யும் கட்டளையை ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும். பிழை இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். வீட்டில் பயிற்சி செய்யும்போதும் ஒவ்வொரு பாடத்தையும் ரீபூட்டில் முடிக்கும் பழக்கம் வேண்டும். இந்தத் தேர்வைத் தேறியவரை நேர்முகத்தில் மடக்குவது கடினம், ஏனென்றால் மனப்பாடம் செய்து யாரும் இதைத் தாண்டுவதில்லை.

மற்றவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். விண்டோஸ் சர்வர், ஆக்டிவ் டைரக்டரி பார்ப்பவருக்கு மைக்ரோசாஃப்ட்டின் அஷூர் கிளவுட் நிர்வாகத் தேர்வான ஏஇசட்-104. டாக்கரில் ஏற்கெனவே வேலை செய்பவருக்கு குபெர்னெட்டீஸ் நிர்வாகத் தேர்வான சிகேஏ. இதுவும் முழுக்கச் செய்முறை, இரண்டு மணி நேரம், 66 சதவீதம் தேவை, தவறினால் ஒருமுறை கட்டணமின்றி மீண்டும் எழுதலாம். மேனுவல் டெஸ்டிங்கில் இருப்பவருக்கு ஐஎஸ்டிக்யூபி ஃபவுண்டேஷன் ஒரு வாசல் மட்டுமே: 40 கேள்வி, 26 சரியானால் தேர்ச்சி, காலாவதி கிடையாது. ஆனால் அவர்கள் சம்பளத்தை உயர்த்தப் போவது அந்தச் சான்றிதழில்லை. செலினியமோ பிளேரைட்டோ கற்று, ஒரு வெப்சைட்டின் லாகின் முதல் பில் வரை தானாகச் சோதிக்கும் ஸ்கிரிப்டை எழுதிக் காட்டுவதுதான் உயர்த்தும். ஏஐ அடிப்படைச் சான்றிதழ்களைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். சொற்களைப் புரிந்துகொள்ள அவை உதவும், அதோடு சரி. அதை மட்டும் வைத்து வேலை மாறலாம் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

ஃபவுண்டேஷன் நிலைத் தேர்வைத் தாண்டாமல் அசோசியேட் எழுத முடியாது என்று சில இடங்களில் சொல்லி இரண்டு கட்டணம் வாங்குகிறார்கள். ஏடபிள்யூஎஸில் அப்படி எந்த நிபந்தனையும் இல்லை. ஐடியில் ஓராண்டு வேலை பார்த்தவர் 100 டாலர் கிளவுட் பிராக்டீஷனரை விட்டுவிட்டு நேராக 150 டாலர் சொல்யூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட் அசோசியேட் எழுதலாம். விற்பனை, எச்ஆர், கணக்கு என்று தொழில்நுட்பத்துக்கு வெளியே இருந்து வருபவருக்கு ஃபவுண்டேஷன் நல்லதுதான். சில இடங்களில் மட்டும் முன்நிபந்தனை உண்மையிலேயே உண்டு: ரெட் ஹாட்டின் அடுத்த நிலையான ஆர்எச்சிஇ பெற ஆர்எச்சிஎஸ்ஏ வேண்டும், அஷூர் ஆர்க்கிடெக்ட் எக்ஸ்பர்ட் பட்டத்துக்கு ஏஇசட்-104 வேண்டும்.

பயிற்சி மையத்தில் சேருமுன் தேர்வு எண்ணைக் கேட்டு வாங்கி, அந்த நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். அஷூர் டேட்டா இன்ஜினியருக்கான டிபி-203 தேர்வு 2025 மார்ச் 31 அன்றே நிறுத்தப்பட்டுவிட்டது. இப்போது மைக்ரோசாஃப்ட்டின் ஃபேப்ரிக் என்ற டேட்டா தளத்தை மையமாகக் கொண்ட டிபி-700 இருக்கிறது. ஏடபிள்யூஎஸின் டேட்டா அனலிடிக்ஸ் ஸ்பெஷாலிட்டி 2024 ஏப்ரலில் மூடப்பட்டது. பழைய பாடத்தை வைத்து ஆறு மாதம் வகுப்பு எடுத்தால் கடைசியில் எழுதுவதற்குத் தேர்வே இருக்காது. இன்னொரு குழப்பமும் தீர வேண்டும்: வகுப்பு முடித்ததற்கு மையம் தரும் தாளும், கண்காணிப்போடு நடந்த தேர்வில் தேறியதற்கு ஏடபிள்யூஎஸோ சிஸ்கோவோ தரும் சான்றிதழும் வேறு வேறு. பெற்றோர் பலருக்கு இந்த வித்தியாசம் யாரும் சொல்லித் தருவதில்லை. ஏடபிள்யூஎஸ், சிஸ்கோ, காம்ப்டியா மூன்றும் கிரெட்லி தளத்தில் டிஜிட்டல் பேட்ஜ் தருகின்றன. மனிதவள அலுவலர் அந்த இணைப்பைச் சொடுக்கினால் உண்மை தெரிந்துவிடும். கல்லூரி மாணவர்களுக்கு 2022இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் வழியாகப் பல படிப்புகள் கிடைக்கின்றன. சேரும்போதே பாடம் மட்டுமா, தேர்வு வவுச்சரும் உண்டா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

பணக் கணக்கு. டாலரை 88 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 150 டாலர் தேர்வு 13,200 ரூபாய். அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 2,376. ஆக 15,576. சிசிஎன்ஏவின் 300 டாலருக்கு இதே கணக்கில் 31,152. மைக்ரோசாஃப்ட் நாட்டுக்கு நாடு விலையை மாற்றி வைப்பதால் அதை இந்தியா என்று தேர்வு செய்தே பார்க்க வேண்டும். ஏடபிள்யூஎஸ் தேர்வில் தேறினால் அடுத்த தேர்வுக்குப் பாதிக் கட்டணச் சலுகை வரும். ஃபவுண்டேஷன் எழுதியே ஆக வேண்டியவர் அதைக் கொண்டு அசோசியேட் கட்டணத்தைக் குறைக்கலாம். வேலை பார்க்கும் நிறுவனம் கட்டணத்தைத் திருப்பித் தருமா என்பதைத் தேர்வுக்கு முன்பே மேனேஜரிடம் மெயிலில் கேட்டுவிடுங்கள்: முன் அனுமதி வேண்டுமா, தேறினால் மட்டுமா, எந்தப் பெயரில் பில், அதற்குப் பிறகு இத்தனை மாதம் இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனை உண்டா? புதுப்பிப்பையும் சேர்த்தே பாருங்கள். ஏடபிள்யூஎஸ், சிசிஎன்ஏ மூன்று ஆண்டு. சிகேஏ 2024 ஏப்ரலிலிருந்து இரண்டு ஆண்டு. ஏஇசட்-104 ஓர் ஆண்டுதான், ஆனால் முடிவதற்கு முந்தைய ஆறு மாதத்துக்குள் வீட்டிலிருந்தே இலவசமாகப் புதுப்பிக்கலாம். அந்தத் தேதியைத் தவறவிட்டால் முழுக் கட்டணம் கட்டி மறுபடியும் முதலிலிருந்து எழுத வேண்டும்.

வேலை பார்த்துக்கொண்டே அசோசியேட் தேர்வுக்குப் படிக்க, வாரம் 8 மணி நேரம் என்று 10 வாரம் வைத்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்துவரும்: ஐந்து நாள் ஒரு மணி நேரம், ஞாயிறு மூன்று மணி நேரம். இதில் பாதியாவது லேபில் போக வேண்டும். வீடியோவை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டு முடித்த கணக்கைப் படிப்பென்று எடுத்துக்கொள்ளக் கூடாது. லேபில் காசு போகும் இடம் எது என்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதைக் கண்டு பயந்தே பலர் லேபைத் தொடுவதில்லை. ஏடபிள்யூஎஸில், வெளியே தெரியாத சர்வர்கள் இணையத்துக்குப் போக வழிவிடும் நேட் கேட்வே ஒன்றை உருவாக்கிவிட்டு மறந்தால், யாரும் பயன்படுத்தாவிட்டாலும் வடக்கு வர்ஜீனியா மண்டலத்தில் மணிக்கு 0.045 டாலர் வீதம் 30 நாளில் 32 டாலருக்கு மேல் போய்விடும். 2024 பிப்ரவரியிலிருந்து ஒவ்வொரு பொது ஐபிவி4 முகவரிக்கும் மணிக்கு 0.005 டாலர். கணக்கு திறந்த முதல் நாளே பட்ஜெட் அலாரம் வைத்து, ரூட் கணக்குக்கு எம்எஃப்ஏ (பாஸ்வேர்டோடு இன்னொரு சரிபார்ப்பு) போட்டு, லேப் முடிந்ததும் நேட் கேட்வே, எலாஸ்டிக் ஐபி, மிச்சமிருக்கும் டிஸ்க் மூன்றையும் அழித்துவிட்டால் பயமில்லை.

இந்த நேட் கேட்வேயே தேர்விலும் நேர்முகத்திலும் வரும். பிரைவேட் சப்நெட்டில் உள்ள சர்வர், ஏடபிள்யூஎஸின் கோப்புக் கிடங்கான எஸ்3இலிருந்து தினமும் பெரிய கோப்புகளை எடுக்கிறது, செலவு ஏறுகிறது, என்ன செய்வீர்கள்? மனப்பாடம் செய்தவர், நேட் இல்லாமல் எஸ்3க்குப் போகும் வழியான 'கேட்வே எண்ட்பாயின்ட்' என்று சொல்லிவிடுவார். 'அதைப் போட்ட பிறகும் டிராஃபிக் நேட் வழியாகவே போகிறதே?' என்று அடுத்த கேள்வி வந்ததும் நின்றுவிடுவார். அந்த சப்நெட்டின் ரூட் டேபிளை எண்ட்பாயின்டோடு இணைத்திருக்கிறோமா என்று பார்க்க வேண்டும் என்பது லேபில் ஒருமுறை செய்தவருக்குத்தான் உடனே வரும். டம்ப்ஸ் எனப்படும் கசிந்த கேள்வித் தொகுப்புகளை வாங்கிப் படிப்பவர்கள் இழப்பது இதைத்தான். பிடிபட்டால் சான்றிதழ் ரத்தாகி, இனி எழுதவும் தடை வரும். பிடிபடாவிட்டாலும் பத்து நிமிட நேர்முகத்தில் வெளிப்பட்டுவிடும். தயார் ஆகிவிட்டோமா என்று அறிய, இதுவரை பார்க்காத இரண்டு மாதிரித் தேர்வுகளில் 80 சதவீதம் எடுங்கள். பார்த்த தாளையே மூன்றாம் முறை எழுதி 95 எடுப்பது உங்கள் ஞாபகசக்தியைத்தான் காட்டும். தவறான ஒவ்வொரு கேள்விக்கும் சரியான விடையோடு, மற்ற மூன்றும் ஏன் தவறு என்று ஒரு வரி எழுதி வையுங்கள்.

தமிழ்வழியில் படித்தவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆங்கிலம் தாய்மொழி இல்லாதவர்களுக்கு ஏடபிள்யூஎஸ் தேர்வில் 30 நிமிடம் கூடுதலாகக் கிடைக்கும்; 130 நிமிடத் தேர்வு 160 ஆகும். ஆனால் தேர்வுக்குப் பதிவு செய்வதற்கு முன்பே உங்கள் கணக்கில் அதைக் கோரியிருக்க வேண்டும், பதிவு செய்த பின் கேட்டால் அந்தத் தேர்வுக்குப் பொருந்தாது. நீளமான கேள்விகளை இரண்டு முறை படிக்க வேண்டியவருக்கு இந்த 30 நிமிடம் பெரிய உதவி. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பும் இல்லை. எதையும் காலியாக விடாதீர்கள். மைக்ரோசாஃப்ட்டின் அசோசியேட் தேர்வுகளில் மைக்ரோசாஃப்ட் லேர்ன் பக்கங்களைத் தேர்வு நடக்கும்போதே திறந்து பார்க்கலாம், நேரம் மட்டும் நிற்காது.

நம் ஊரில் அடிக்கடி தேர்வறை வாசலில் சிக்கல் வருவது இனிஷியலால். தேர்வுக் கணக்கில் பெயருக்குப் பின் ஓர் எழுத்து, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்து இருக்கும். பெயர் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பினால் கட்டணமும் போகும். கையில் எடுத்துச் செல்லப் போகும் அடையாள அட்டையில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து கணக்கைத் திறந்துகொள்ளுங்கள். அலுவலக மெயில் முகவரியில் திறக்க வேண்டாம், வேலை மாறும் நாளில் சான்றிதழும் அந்தக் கணக்கோடு மாட்டிக்கொள்ளும். வீட்டிலிருந்து எழுதுவதானால் சொந்த லேப்டாப்பில் எழுதுங்கள். அலுவலக லேப்டாப்பின் விபிஎன்னும் ஃபயர்வாலும் தேர்வு மென்பொருளைத் தடுத்துவிடும். இரண்டாவது மானிட்டரைக் கழற்றி, வைஃபை மோடத்தை இன்வெர்ட்டர் லைனில் போட்டு, கேள்வியை வாய்விட்டுப் படிக்காமல் எழுத வேண்டும். உதடு அசைந்தாலே கண்காணிப்பாளர் எச்சரிப்பார். நைட் ஷிஃப்ட் முடிந்த காலையில் தேர்வு வைத்துக்கொள்ளாதீர்கள். ஏடபிள்யூஎஸில் தவறினால் 14 நாள் கழித்துத்தான் மீண்டும் எழுத முடியும், முழுக் கட்டணத்தோடு.

தங்கள் நாளிதழின் வேலைவாய்ப்புப் பக்கத்தைக் கத்தரித்து வைத்துக்கொள்ளும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. அந்தப் பக்கத்தில் ஒரு சான்றிதழைப் பற்றிக் கட்டுரை வரும்போது தேர்வு எண், வரியோடு சேர்த்த கட்டணம், செல்லுபடியாகும் காலம், முன்நிபந்தனை ஆகிய நான்கையும் ஒரு சிறிய கட்டத்தில் அச்சிட வேண்டுகிறேன். பயிற்சி மையங்களின் விளம்பரங்களை ஏற்கும்போதும், பயிற்சிக் கட்டணம் எவ்வளவு, தேர்வுக் கட்டணம் எவ்வளவு என்று தனித்தனியாகவும், தரப்படுவது வகுப்பு முடித்த தாளா, தேர்வுச் சான்றிதழா என்று வெளிப்படையாகவும் குறிப்பிடச் சொல்லிக் கேளுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
தாம்பரம்.